சிலிக்கான் வந்த வழி

விருத்தாசலத்துக்குப் பிடிக்காதவர்களின் வரிசை நீளமானது. ஜோசியக்காரர்கள் அதில் உண்டு, பூசாரிகள் உண்டு, கடன் சொல்லிவிட்டுச் சிரிப்பவர்கள் உண்டு. எல்லோருக்கும் முன்னால் நிற்பவர் மாப்பிள்ளை சீனுவாசன்.

சீனுவாசன் செய்த குற்றம் இதுதான். எதையும் டெஸ்ட் செய்யாமல் நம்ப மாட்டார். கார் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டு வேலை. அந்த வேலையை வேலையிடத்திலேயே விட்டுவிட்டு வரத் தெரியாத பிறவி. வீட்டுக்கு வரும் பாலுக்கு டெஸ்ட், போர் தண்ணீருக்கு டெஸ்ட். நிச்சயதார்த்தத்துக்கு முன்னால் பெண்ணுக்குக் கண் டெஸ்ட் எடுக்கச் சொன்ன மாப்பிள்ளையைத் திண்டிவனம் வட்டாரத்தில் அதற்கு முன் யாரும் கண்டதில்லை. இப்போது கொஞ்ச நாளாக, மனைவி கலைப்பிரியா ஓட்டும் டர்ட் பைக்கின் என்ஜின் ஆயிலுக்கு டெஸ்ட். வடித்த ஆயிலைக் குட்டி பாட்டிலில் பிடித்துச் சென்னையில் ஒரு லேபுக்கு அனுப்புகிறார்.

விழுப்புரத்தில் முப்பது வருஷமாக ஆயிலும் ஃபில்டரும் விற்கும் மாமனாருக்கு இது எப்படி இருக்கும்?

"ஒரு லிட்டர் ஆயில்ங்க," என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார் விருத்தாசலம். "நாலு தபா ஓட்டினா புடுங்கி ஊத்திட்டுப் புதுசு போட்டுக்கினு போவ வேண்டியதுதான். கொட்டப் போற ஆயிலுக்கு டெஸ்ட்டாம்! பொணத்துக்கு ஜாதகம் பாக்குற மாதிரி."

கேட்டவர்கள் சிரிப்பார்கள். விருத்தாசலம் கடையில் சிரித்து வைத்தால் விலையில் கொஞ்சம் குறையும் என்பது விழுப்புரத்துக்கே தெரியும்.

கலைப்பிரியா விழுந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். திண்டிவனத்தில் பள்ளி விளையாட்டு ஆசிரியை. பயிற்சியின்போது மேட்டிலிருந்து தாவி இறங்குகையில் சரிந்து, மணிக்கட்டு வீங்கி, ஜுரத்தில் படுத்தாள். அம்மா அம்சா பதறியடித்துக்கொண்டு திண்டிவனம் ஓடினாள். மகளுக்குக் கஞ்சி காய்ச்சிக்கொண்டு கிடந்ததில், கல்யாணமான நாளிலிருந்து ஒன்றுகூடத் தவறவிடாத மேல்மலையனூர் அங்காளம்மன் கோயில் அமாவாசை இந்த முறை தவறிப்போனது. பிறகு கலைப்பிரியா எழுந்தாள், ஒரு நாள் வண்டியை எடுத்து ஓட்டியும் பார்த்தாள். அன்று வடித்த ஆயில்தான் இந்த முறை சென்னைக்குப் போயிருந்தது.

நாளை ஞாயிறு. ஓமந்தூர் போகும் வழியில், வற்றிய ஏரிக்குள் போட்டி. பெண்கள் பிரிவில் முதலில் வருகிறவளைக் கோயம்புத்தூர் அணி ஒன்று எடுத்துக்கொள்ளும். வராவிட்டால் வண்டியை விற்றுவிட வேண்டும் என்பது சீனுவாசன் போட்ட நிபந்தனை. அதற்கும் அவள் சரி என்றிருந்தாள். ஜெயிப்போம் என்ற நம்பிக்கை அவளுக்கு.

சனிக்கிழமை காலை, கடையில் கூட்டம் சேருகிற நேரத்தில் விருத்தாசலத்தின் போன் அடித்தது.

"மாமா, ரிப்போர்ட் வந்துடுச்சி."

"இன்னா சொல்லுது உங்க எண்ணெய் ஜோசியம்?" போனைக் காதில் வைத்துக்கொண்டே வாடிக்கையாளர்களைப் பார்த்துக் கண் சிமிட்டினார். "மாப்ளைக்கு வெளிநாட்டு யோகம் இருக்குதாமா?"

"சிலிக்கான் எகிறியிருக்கு மாமா. மொதல் ரெண்டு டெஸ்ட்லயும் பேருக்குத்தான் இருந்துச்சி. இந்தத் தடவை நாலு மடங்கு. இரும்பும் சேந்து ஏறியிருக்கு."

"சிலிக்கானா? செல்போன்ல போடுவாங்களே, அதுவா?"

"புழுதிங்க மாமா. மண்ணு."

"ஏரிக்குள்ள வண்டி ஓட்டினா புழுதி வராம பன்னீரா வரும்?"

"வெளிய எவ்ளோ வேணா இருக்கட்டும். ஆயிலுக்குள்ள வரக் கூடாது. நடுவுல ஏர் ஃபில்டர்னு ஒண்ணு இருக்கில்ல? நீங்க விக்கிறதுதானே? அதைத் தாண்டி வந்திருக்குதுன்னா உங்க பொண்ணு ஃபில்டரை ஒழுங்கா கழுவலன்னு அர்த்தம்."

விருத்தாசலத்தின் முகம் மாறியது.

"யாரு, கலையா? அவ சோறு துன்ற தட்டைக்கூட அவ்ளோ சுத்தமா கழுவ மாட்டா. ஒவ்வொரு போட்டிக்கும் மொத நாளு கழுவி, காய வெச்சி, ஃபில்டர் ஆயில்ல முக்கிப் புழிஞ்சி மாட்டுவா. நான் சொல்லிக் குடுத்தது. உங்க ரிப்போர்ட்டைக் கொண்டுபோய் வடை மடிக்கச் சொல்லுங்க."

"ரிப்போர்ட் பொய் சொல்லாது. நாளைக்கு அவ ஓட்ட வேணாம் மாமா. வண்டியைக் கேட்டு ஒருத்தர் வந்துக்கினேதான் இருக்காரு. குடுத்துடறேன்."

"மாப்ள, போட்டிக்கு மொத நாளு இப்டி பேஜாரு பண்ணாதீங்க. புழுதின்னு எப்டி அடிச்சி சொல்றீங்க?"

"புழுதின்னு இல்ல, மணலு, சிமெண்ட்டு, சாம்பலு, எதுவா இருந்தாலும் சிலிக்கானாத்தான் காட்டும். ஃபில்டருக்கு அந்தப் பக்கம் போயிடுச்சின்னா அவ்ளோதான். என்ஜினை உள்ளேருந்து உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிற மாதிரி."

விருத்தாசலம் போனை வைத்துவிட்டார். எதிரே ஆயில் கேட்டு நின்றவர் இரண்டாம் முறை கேட்டதுகூட அவர் காதில் விழவில்லை.

சாம்பல் என்ற சொல் அவருக்கு மட்டும் தனியாகக் கேட்டிருந்தது.

இந்த மனிதரைப் பற்றி இனி மறைக்க எனக்கு இஷ்டமில்லை. அம்சா ஒவ்வொரு அமாவாசைக்கும் மேல்மலையனூர் கிளம்பும்போது, "உங்க அம்மன் பஸ் சார்ஜாவது குடுக்குமா?" என்று வாசலில் நின்று கேட்பவர் இவர். அவள் கொண்டுவரும் அங்காளம்மன் சாம்பலை நெற்றியில் வைக்க வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்பவர். அப்பேர்ப்பட்டவர், மகள் ஜுரத்தில் கிடந்த அந்த அமாவாசையன்று கடையைப் பாதியில் சாத்தினார். பைக்கை எடுத்துக்கொண்டு நேரே மேல்மலையனூர் போனார். தெரிந்தவர் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று கூட்டத்துக்குள்ளும் ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. சாமி கும்பிடும்போதாவது கழற்றினாரா என்றால், அதுவும் இல்லை. கண்ணாடியை மட்டும் தூக்கிவிட்டுக்கொண்டார்.

சாம்பலும் குங்குமமும் வாங்கினார். கடையில் வண்டி துடைக்கிற பனியன் துணியில் கிழித்துக் கட்டினார். மறுநாள் அம்சாவை அழைத்துவரும் சாக்கில் திண்டிவனம் போனவர், ஆயில் மட்டம் பார்க்கிறேன் என்று ஷெட்டுக்குள் நுழைந்தார்.

ஹேண்டில்பாரில் கட்டினால் ஊர் பார்க்கும். மகள் பிய்த்துப் போடுவாள். மாப்பிள்ளை சிரிப்பான். ஆகவே வண்டிக்குள்ளே ஒளித்து வைக்க வேண்டும். எங்கே? சீட்டுக்கு அடியில் ஏர் ஃபில்டர் பெட்டி இருக்கிறது. அதில் ஃபில்டருக்கு வெளிப்பக்கம் முழுக்கப் புழுதி. அம்மன் சாம்பலை அழுக்கில் வைக்கலாமா? கையைக் கழுவிக்கொண்டு வந்தார். ஃபில்டரைக் கழற்றினார். அதற்கு உள்பக்கம், காற்று வடிகட்டப்பட்டு என்ஜினுக்குப் போகிற சுத்தமான குழாய் வாயில் பொட்டலத்தைச் செருகி, பக்தியோடு ஃபில்டரைத் திரும்ப மாட்டினார்.

முப்பது வருஷமாக ஃபில்டர் விற்கிறவர்! அந்தச் சுத்தமான பக்கம் எதற்காகச் சுத்தமாக இருக்கிறது என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. பயந்தவனுக்குத் தொழில் மறந்துபோகும் போலிருக்கிறது.

"அம்சா, கெளம்பு. திண்டிவனம் போவலாம்," என்று வீட்டுக்குப் போய் நின்றார்.

"நாளைக்குக் காலைல தானேங்க போட்டி?"

"இப்பவே போவலாம். ஜல்தி."

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்த அம்சாவுக்கு ஒரு விஷயம் விளங்கவில்லை. மயிலம் கூட்ரோடு தாண்டியும் மனுஷர் மாப்பிள்ளையை ஒரு வார்த்தை திட்டவில்லை. ஏதோ பெரிசாகச் செய்துவிட்டு வருகிறார் என்று அவளுக்குத் தோன்றியது. கேட்கவில்லை. கேட்டு அவரிடம் ஒழுங்கான பதில் வாங்கிய அனுபவம் அவளுக்கு இல்லை.

வீட்டுக்குப் பின்னால் ஷெட். ஷெட்டுக்குப் பின்னால் வேர்க்கடலை போட்ட மல்லாட்டைக் கொல்லை, அதைத் தாண்டினால் வற்றிக் கிடக்கும் ஏரி. இவர்கள் போய்ச் சேர்ந்தபோது ஷெட் வாசலில் புனிதா தன் வண்டியை உதைத்துக்கொண்டிருந்தாள்.

புனிதாவும் நாளை ஓட்டுகிறாள். கலைப்பிரியாவிடம் வண்டி பழகியவள். வீட்டில் நிறுத்த இடமில்லாததால் அவள் வண்டியும் இந்த ஷெட்டில்தான் நிற்கும். அம்மா சவுரியம்மாள் கூலி வேலைக்குப் போகிறவள். 'காலனிப் பொண்ணுக்கு எதுக்குய்யா பைக்கு' என்பது விருத்தாசலம் கடையில் உட்கார்ந்து சொல்லும் இன்னொரு வசனம். அந்தப் பெண்ணின் பெயரைச் சொல்லி அவர் கூப்பிட்டதே இல்லை. 'ஏ பொண்ணு' தான். இப்படிப் பேசுகிறவரை மனுஷர் என்று எழுதவே எனக்குக் கை கூசுகிறது.

"ஃபில்டர் கழுவலியாடி?" என்று உள்ளேயிருந்து கேட்டாள் கலைப்பிரியா.

"ஒரு ரவுண்டு போய்ட்டு வந்து கழுவிக்கிறேங்க்கா. எப்படியும் மறுபடியும் புழுதியாத்தானே ஆவும்."

விருத்தாசலம் ஒரு அடி முன்னால் வந்தார். வாயைத் திறந்தார். உள்ளே சீனுவாசன் நிற்பது தெரிந்ததும் மூடிக்கொண்டார்.

புனிதா கொல்லை வரப்பில் ஏறிப் போய்விட்டாள்.

ஷெட்டுக்குள் புருஷன் பெண்டாட்டி யுத்தம் நடந்துகொண்டிருந்தது. சீனுவாசன் கையில் போன், போனில் ரிப்போர்ட்.

"சண்டையே வேணாம் கலை. நம்பர் சொல்லுது. நீ கழுவறேன்னு சொல்றது வேற, கழுவறது வேற."

"என் கண்ணைத்தான் டெஸ்ட் பண்ணிக் கட்டிக்கினீங்க. கையையும் சேத்து டெஸ்ட் பண்ணியிருக்க வேண்டியதுதானே?"

"பேச்சை மாத்தாதே. வண்டி வாங்கறவரு சாயங்காலம் வர்றாரு."

கலைப்பிரியாவின் கண் நிறைந்தது. பயத்தால் இல்லை, அவமானத்தால். விழுந்ததற்குக்கூட அவள் அழவில்லை. தான் செய்யும் வேலையைச் செய்யவில்லை என்று சொன்னது அவளுக்குத் தாங்கவில்லை.

"நீங்கல்லாம் போய்ச் சாப்புடுங்க," என்றார் விருத்தாசலம் அவசரமாக. "நான் வண்டியைப் பாக்குறேன்."

"வேணாம்ப்பா. யாரும் போவக் கூடாது. எல்லாரும் இங்கயே நில்லுங்க. நான் தொறந்து காட்டறேன்."

"அட, துன்னுட்டு வந்து தொறக்கலாம்மா. கலை..."

அவள் அதற்குள் சீட்டைக் கழற்றிவிட்டாள். அடுத்து பெட்டியின் மூடி. ஃபில்டரை எடுத்துக் கணவர் மூக்குக்கு நேரே நீட்டினாள். வெளிப்பக்கம் செம்மண் அப்பியிருந்தது. ஓரத்தில் ரப்பர் உட்காரும் இடத்தில் கிரீஸ் அழகாக, அறுபடாமல் இருந்தது.

"எங்கியாவது கிழிசல் இருக்குதா? ஓரத்துல வழி இருக்குதா? சொல்லுங்க சார்."

சீனுவாசன் திருப்பித் திருப்பிப் பார்த்தார். குறை கண்டுபிடிப்பதற்காகவே சம்பளம் வாங்குகிறவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

"அப்ப சிலிக்கான் எந்த வழியா வந்துச்சி?"

கலைப்பிரியா குனிந்து, என்ஜினுக்குப் போகும் குழாய்க்குள் விரலை விட்டாள். எதையோ பிடித்து இழுத்தாள்.

மஞ்சளாகப் போன ஒரு பனியன் துணி வந்தது. முடிச்சு அப்படியே இருந்தது. ஓரம் பிய்ந்து, நடுவில் குங்குமக் கறை. உள்ளே இருந்த சாம்பல் சிட்டிகைகூட மிச்சமில்லை. அத்தனையும் என்ஜின் குடித்திருந்தது.

"இன்னும் ரெண்டு விரக்கடை உள்ள போயிருந்தா த்ராட்டில்ல மாட்டியிருக்கும்," என்றாள் மெதுவாக. "கையை விட்டாலும் ஆக்சிலேட்டர் மூடாது. மேட்டுல தாவறப்ப அப்டி ஆயிருந்தா..."

சீனுவாசன் துணியை வாங்கி முகர்ந்து பார்த்தார். பிறகு மாமியார் பக்கம் திரும்பினார்.

"அத்தை, இது மேல்மலையனூர் சாம்பல்தானே? உங்க பக்திக்கு இந்த வண்டிதான் கெடைச்சிதுங்களா? படிக்காதவங்க கையில ஷெட்டு சாவியைக் குடுத்தா இப்டித்தான்."

அம்சா துணியைப் பார்க்கவில்லை. முடிச்சைப் பார்த்தாள். விழுப்புரம் கடையில் நட்டும் வாஷரும் பொட்டலம் கட்டும்போது விருத்தாசலம் போடும் முடிச்சு அது. இரண்டு சுற்றுச் சுற்றி, வாலை உள்ளே செருகும் முடிச்சு. கல்யாணமான நாளாக அதைப் பல்லால் கடித்து அவிழ்க்கிறவள் அவள்.

புருஷனைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமாம் மாப்ள," என்றாள் அம்சா. "நான்தான் வெச்சேன். புத்தி இல்லாம வெச்சிட்டேன்."

விருத்தாசலம் என்ன செய்தார் என்கிறீர்கள்? நின்றார். அவ்வளவுதான். ஊரையே நாக்கால் துவைக்கிறவர், பெண்டாட்டி தன் பழியைத் தூக்கிக்கொண்டு நிற்கும்போது வாயில் கொழுக்கட்டையோடு நின்றார். அம்சா அவரைப் பார்த்த பார்வையில் கோபம்கூட இல்லை. இவ்வளவுதானா நீ என்பதுதான் இருந்தது.

"டெஸ்ட் எடுக்கலன்னா இது தெரிஞ்சிருக்குமா?" என்று சீனுவாசன் ஆரம்பித்தார். வெற்றி அவர் முகத்தில் எண்ணெயாய் வழிந்தது. "எண்ணெய் ஜோசியம்னு சொன்னீங்களே மாமா!"

"எப்படியும் இன்னிக்கி கழுவறப்ப கையில மாட்டியிருக்கும்," என்றாள் கலைப்பிரியா வெடுக்கென்று. "அதுக்குச் சென்னை வரிக்கும் போவத் தேவையில்ல. ஆனா துணியை எடுத்துக் கடாசிட்டு நாளைக்கு அப்டியே ஓட்டியிருப்பேன். இரும்பு ஏறியிருக்குதுன்றீங்களே, ரிங்கைத் தேய்ச்சிருக்கும். அதை என் கையி சொல்லியிருக்காது. அந்த மட்டுக்கும் உங்க டெஸ்ட் நல்லது. என்னைப் பொய்க்காரின்னு சொன்னீங்களே, அதை எந்த லேபு சொல்லிச்சி?"

சீனுவாசன் போனைப் பையில் போட்டுக்கொண்டார். மன்னிப்பு என்று ஒரு சொல் இருப்பது அவருக்கு ஞாபகம் வந்ததாகத் தெரியவில்லை.

கலைப்பிரியா அம்மாவிடம் திரும்பினாள். குரல் தணிந்திருந்தது.

"நீ எப்பம்மா மேல்மலையனூர் போனே? அமாவாசை அன்னிக்கி என் தலமாட்டுலதானே குந்திக்கினு இருந்தே? போவ முடியலியேன்னு அழுதியே."

ஏரிப் பக்கமிருந்து புனிதாவின் வண்டிச் சத்தம் மட்டும் வந்தது. மேடு வரும்போது ஏறியது, தாவி இறங்கும்போது குறைந்தது, மறுபடி ஏறியது.

"அப்பா?"

விருத்தாசலத்தின் காது அந்தச் சத்தத்தில் இருந்தது.

"நான்தாம்மா," என்றார். "நான்தான் போனேன். நீ விழுந்து கெடந்தியா... உங்கம்மாவும் போவலியா... யாருனா ஒருத்தர் போவணும்னு தோணிச்சி. பயமா இருந்துச்சிம்மா."

சீனுவாசன் சிரித்தார். சிரிக்காமல் இருந்திருக்கலாம். மாமனாரின் முகத்தைப் பார்த்ததும் அவரே நிறுத்திக்கொண்டார்.

"இன்னொண்ணு இருக்குது," என்றார் விருத்தாசலம்.

"இன்னா இன்னொண்ணு?"

"பொட்டலம். ரெண்டு வண்டியும் ஒண்ணாத்தான் நின்னுது. உனுக்கு மட்டும் வெச்சிட்டு வர மனசு கேக்கல. அந்தப் பொண்ணும் உன்ன மாதிரிதானே தாவுது. அதுக்கும் அடிபட்டா வலிக்கும்தானே."

"அவ இப்ப வாசல்ல நிக்கறப்ப ஏம்ப்பா சொல்லல?"

மாப்பிள்ளை பார்த்துவிடுவார் என்று எப்படிச் சொல்வார்?

கலைப்பிரியா போனை எடுத்துப் புனிதா நம்பரை அழுத்தினாள். மணி ஷெட்டுக்குள்ளேயே அடித்தது. ஃபில்டர் ஆயில் டப்பாவுக்குப் பக்கத்தில், பலகை மேல், புனிதாவின் போன் வெளிச்சம் போட்டுக்கொண்டு அதிர்ந்தது.

விருத்தாசலம் செருப்பைத் தேடவில்லை. மல்லாட்டைக் கொல்லைக்குள் இறங்கி ஓடினார். அந்த வயதில் அந்த உடம்பு அப்படி ஓடும் என்று அம்சாவே நினைத்ததில்லை. பின்னால் கலைப்பிரியா ஓடினாள்.

"புனிதா!" என்று கத்தினார். "ஏ புனிதா! நிறுத்தும்மா! வண்டியை நிறுத்து!"

ஏரிக்குள் வண்டி மேட்டில் ஏறும் சத்தம் கேட்டது. இனி குறைய வேண்டும்.

குறையவில்லை.